தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம்: மதிப்பும் எதிர்காலமும்

மறுவாழ்வு மருத்துவம் என்பது நோய், விபத்து, பிறவிக் குறைபாடு, முதுமை ஆகியவற்றால் உடல் இயக்கத்தை இழந்தவர்களை, இயன்ற அளவுக்குத் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலைக்குக் கொண்டுவரும் மருத்துவத் துறை ஆகும். பக்கவாதம், தண்டுவடக் காயம், தலைக்காயம், கை கால் இழப்பு, பெருமூளை வாதம், தொழுநோயால் வரும் ஊனம், நாள்பட்ட மூட்டு வலி முதலியவை இத்துறையின் எல்லைக்குள் வருகின்றன. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மூன்றாண்டு எம்.டி. படிப்பாக இதைப் பயில்கின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு.

இந்தியாவில் இத்துறை வேரூன்றிய இடங்களில் தமிழ்நாட்டின் வடபகுதி முதன்மையானது. இருந்தும் இப்படி ஒரு மருத்துவத் துறை இருப்பதே பொதுமக்களில் பலருக்குத் தெரியாது. மருத்துவ மாணவர்களிடையேயும் இதைத் தேடி வருவோர் குறைவு. தேவை பெரிதாகவும் மதிப்பு சிறிதாகவும் இருப்பதே இத்துறையின் இன்றைய நிலை.

பெயரும் குழப்பமும்

துறையின் பெயரே அதன் அறிமுகத்துக்குத் தடையாக உள்ளது. தமிழ்நாட்டில் 'மறுவாழ்வு மையம்' என்றால் பெரும்பாலோர் குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் இல்லத்தையே நினைக்கின்றனர். 'மறுவாழ்வு முகாம்' என்றால் இலங்கைத் தமிழர் தங்கியுள்ள முகாம் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் வழங்கும் 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கோ போருக்குப் பிந்தைய வேறொரு பொருளும் ஏறியுள்ளது.

இத்துறை மருத்துவர் ஆங்கிலத்தில் 'பிசியாட்ரிஸ்ட்' எனப்படுகிறார். இது ஒலியில் மனநல மருத்துவரைக் குறிக்கும் 'சைக்கியாட்ரிஸ்ட்' என்ற சொல்லோடு குழம்புகிறது. பொருளில் 'பிசியோதெரபிஸ்ட்' எனப்படும் இயன்முறை சிகிச்சையாளரோடு குழம்புகிறது. இயன்முறை சிகிச்சையாளர் உடற்பயிற்சி, வெப்பம், மின்தூண்டல் போன்றவற்றால் சிகிச்சை அளிப்பதற்கான தனிப்பட்டம் பெற்றவர். மறுவாழ்வு மருத்துவர் மருந்து, ஊசி, சிறு அறுவை, துணைக்கருவிப் பரிந்துரை ஆகியவற்றையும் கையாண்டு, பல துறையினர் அடங்கிய குழுவை ஒருங்கிணைப்பவர்.

துறையின் பணி

பிற மருத்துவத் துறைகள் பெரும்பாலும் ஓர் உறுப்பையோ ஒரு நோயையோ மையமாகக் கொண்டவை. மறுவாழ்வு மருத்துவம் செயல்திறனை மையமாகக் கொண்டது. நோயாளியால் எழுந்து உட்கார முடிகிறதா, கழிப்பறைக்குச் செல்ல முடிகிறதா, உண்ணவும் உடுத்தவும் முடிகிறதா, தொழிலுக்குத் திரும்ப முடிகிறதா என்பவையே அதன் அளவுகோல்கள். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற செயல்பாட்டு வகைப்பாடும் இப்பார்வையைக் கொண்டதே. அதன்படி ஊனம் என்பது உடலில் மட்டும் இருப்பதன்று. உடலின் குறை, செய்யவேண்டிய வேலை, வாழும் சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

இப்பணியை ஒருவரால் செய்ய இயலாது. மருத்துவர், செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர், அன்றாட வேலைகளையும் தொழிலையும் மீண்டும் பழக்கும் செயல்வழி சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்பு வல்லுநர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எனக் குழுவாகவே இயங்க வேண்டியுள்ளது. தண்டுவடம் காயமுற்ற ஒருவருக்கு வரும் படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, தசை இறுக்கம், மனச்சோர்வு ஆகியவை ஒன்றையொன்று வளர்ப்பவை. ஒன்றைக் கவனித்து மற்றொன்றை விட்டால் நோயாளி மீண்டும் படுக்கையில் விழுகிறார். குழுவின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

உலக அளவில் தோற்றம்

இத்துறை போர்களாலும் போலியோவாலும் உருவானது. அமெரிக்க மருத்துவர் பிராங்க் குரூசன் 1938இல் 'பிசியாட்ரிஸ்ட்' என்ற பெயரை முன்மொழிந்தார். அந்நாட்டில் 1947இல் இதற்கெனத் தனி மருத்துவ வாரியம் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்த ஹோவர்ட் ரஸ்க், பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு நிறுவனம் ஒன்றை வளர்த்தார். நோயைத் தடுப்பதும் தீர்ப்பதும் முதல் இரண்டு கட்டங்கள் என்றால், மறுவாழ்வு மருத்துவத்தின் மூன்றாம் கட்டம் என்பது அவர் கருத்து.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கியவர் லுட்விக் குட்மன். அதற்கு முன்னர் இக்காயமுற்றோரில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில காலத்தில் இறந்தனர். நோயாளியை முறையாகத் திருப்பிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப்பைப் பராமரிப்பு, விளையாட்டு, வேலை ஆகியவற்றால் அவர் அந்நிலையை மாற்றினார். அங்கு 1948இல் அவர் நடத்திய விளையாட்டுப் போட்டியே பிற்காலப் பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்தானது.

இந்தியாவில் மும்பையின் ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியக்க மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. இத்துறை மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் 1972இல் அமைந்தது.

செங்கல்பட்டும் வேலூரும்

தமிழ்நாட்டில் இத்துறையின் கதை தொழுநோயிலிருந்து தொடங்குகிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லம் இயங்கிவந்தது. இப்பகுதி 1997 முதல் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. தொழுநோய் அறிஞர் இராபர்ட் காக்ரேன் அங்குப் பணியாற்றியபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அவ்வில்லத்தைப் பார்வையிட்டார். நோயாளிகளின் மடங்கிய விரல்கள் அவர் கவனத்தை ஈர்த்தன. விரல்கள் மடங்கியிருந்தாலும் பிடியில் வலு மிஞ்சியிருந்தது. நோய் எல்லாத் தசைகளையும் தாக்குவதில்லை என்பதற்கு அது சான்று. செயல்படும் தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த தசையின் இடத்தில் பொருத்தும் அறுவையை அவர் வேலூரில் 1948இல் தொடங்கினார்.

விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. பிச்சையெடுத்துப் பிழைத்த சிலருக்கு, கை சீரானதும் வருமானம் குறைந்தது. பார்ப்போர் இரக்கம் கொள்ளவில்லை; வேலை கொடுக்கவும் எவரும் முன்வரவில்லை. அறுவை மட்டும் வாழ்வைத் திருப்பித் தருவதில்லை என்பதை இது காட்டியது. இதன் விளைவாகக் கல்லூரி வளாகத்தில் 'நவஜீவ நிலையம்' என்ற சிற்றூர் போன்ற குடியிருப்பு அமைந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் அங்குத் தங்கித் தச்சு வேலை போன்ற தொழில்களைக் கற்றனர். உணர்ச்சியற்ற கையைக் காயப்படுத்தாமல் கருவிகளைப் பிடிக்கும் முறையும் கற்பிக்கப்பட்டது. திருமணி இல்லத்தை மத்திய அரசு ஏற்று, 1955இல் மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

மேரி வர்கீஸ்

இந்திய மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர் மேரி வர்கீஸ் (1925–1986). கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற இவர், 1954 சனவரியில் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் காயமுற்று இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். மகப்பேறு மருத்துவராக விரும்பிய அவருடைய எதிர்காலம் முடிந்ததாகவே தோன்றியது. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பால் பிராண்ட் வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு மேரி வர்கீஸ் அறுவை செய்யத் தொடங்கினார்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ரஸ்கின் நிறுவனத்தில் துறைப் பயிற்சியும் பெற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் இத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. மேரி வர்கீசுக்கு 1972இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் ஒன்றுகூட்டி உடல்நிலையை ஆராயும் 'ரீஹாப் மேளா' அங்கு நடைபெறுகிறது. வீடு திரும்பியபின் நோயாளி எவ்வாறு வாழ்கிறார் என்பதையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதும் மரபு இது.

தென்மாவட்டத்திலும் இதுபோன்ற முன்முயற்சி ஒன்று உண்டு. கடற்படைத் தேர்வின்போது 1975இல் தண்டுவடம் காயமுற்ற எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை அதற்குச் சூட்டினார். அரசுத் துறையில் சென்னை கே.கே.நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் முதன்மையானது.

மதிப்புக் குறைவுக்கான காரணங்கள்

இத்தகைய மரபு இருந்தும் துறையின் மதிப்பு உயராததற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது, இதன் வெற்றி கண்ணுக்குப் பளிச்செனத் தெரிவதில்லை. இதய அறுவையின் பயன் ஒரே நாளில் தெரியும். பக்கவாதம் வந்தவர் தானே சோறு பிசைந்து உண்ணும் நிலைக்கு வர மாதங்கள் ஆகும். நோய் முற்றிலும் தீர்வதும் அரிது. 'குணமாக்குதல்' என்பதையே மருத்துவத்தின் வெற்றியாகக் கருதும் சூழலில், குறையோடு வாழப் பழக்குவது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோலத் தோன்றுகிறது.

இரண்டாவது, பல மாற்றுத்திறனாளிகள் இத்துறை மருத்துவரைச் சந்திப்பது சான்றிதழுக்காகவே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன்படி இட ஒதுக்கீடு உள்ளிட்ட பல உரிமைகளைப் பெற 40 விழுக்காடு ஊனம் இருப்பதாகச் சான்று வேண்டும். இதனால் 'விழுக்காடு போடும் மருத்துவர்' என்ற அளவிலேயே துறை அறியப்படுகிறது.

மூன்றாவது, பணம். காப்பீட்டு முறைகள் பெரும்பாலும் ஓர் அறுவை, ஒரு மருத்துவமனைத் தங்கல் என்ற கணக்கில் அமைந்தவை. வாரம் மூன்று முறை வீதம் ஆறு மாதம் தொடரும் பயிற்சி அக்கணக்கில் எளிதில் அடங்குவதில்லை.

நான்காவது, கல்வியில் இடம். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட விதிமுறைகளில், மருத்துவக் கல்லூரிகளுக்குக் கட்டாயமான துறைகளின் பட்டியலில் இத்துறை இடம்பெறவில்லை. துறைசார் மருத்துவர்கள் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். கல்லூரியில் துறையே இல்லாவிட்டால் மாணவர் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. பார்க்காததை மேற்படிப்பாகத் தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பில்லை.

ஐந்தாவது, எல்லைத் தகராறு. இயன்முறை சிகிச்சையாளர்கள் 2021ஆம் ஆண்டின் சட்டப்படி தனி ஆணையத்தின்கீழ் வருகின்றனர். அவர்கள் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று இடக்கூடாது எனக் கூறும் கடிதம் ஒன்றை மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 செப்டம்பரில் வெளியிட்டு, அடுத்த நாளே திரும்பப் பெற்றது. குழுவாகவே இயங்கவேண்டிய துறையில், குழுவின் உறுப்பினர்களுக்கு இடையே பட்டப் பெயர் பற்றிய சண்டை நடப்பது இரு தரப்பின் மதிப்பையும் குறைக்கிறது.

காஞ்சிபுரம் காட்டும் தேவை

இத்துறையின் தேவையைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்தின் பட்டுத்தறி நல்ல எடுத்துக்காட்டாகும். குழித்தறியில் நெசவாளர் தரையோடு அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். ஒரு கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுகிறார். மறு கையால் ஊடையிழையை நெருக்கும் சட்டத்தைத் தன்பக்கம் இழுத்து அடிக்கிறார். உடலும் கரையும் தனித்தனி நிறமாக அமையும் கோர்வைச் சேலையில், கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவரும் தேவைப்படுவார். முதுகு குனிந்தும் கண்கள் பாவில் பதிந்தும் நாள் முழுதும் தொடரும் வேலை இது. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் வலிகள் இத்தொழிலோடு வருபவை. கூலி சேலைக் கணக்கில் கிடைப்பதால், தறியில் உட்காராத நாளுக்கு வருமானம் இல்லை. குடும்பமே சேர்ந்து செய்யும் தொழிலாதலால் ஒருவர் விழுந்தால் தறியே நின்றுவிடும்.

இத்தகைய நெசவாளர் ஒருவருக்குப் பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்ததாகக் கொள்வோம். உயிர் காப்பாற்றப்பட்டு, இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததும் மருத்துவமனையின் வேலை முடிகிறது. அவருடைய கேள்விகள் அப்போதுதான் தொடங்குகின்றன. குழிக்குள் இறங்கி ஏற முடியுமா? மிதியை அழுத்தும் வலு காலுக்கு வருமா? இறுகிய விரல்கள் கயிற்றைப் பற்றுமா? மறுவாழ்வுக் குழு இக்கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது. தசை இறுக்கத்துக்கு மருந்தோ ஊசியோ தரப்படலாம். தொங்கும் பாதத்துக்குத் தாங்கு பட்டை பொருத்தலாம். குழித்தறிக்குப் பதில் தரைக்குமேல் அமைந்த தறியைப் பழக்கலாம். நெசவே இயலாவிட்டால் தார் சுற்றுதல், பாவு வேலை எனத் தொழிலுக்குள்ளேயே வேறு பணிக்கு மாற வழி காணலாம். தறியைப் பார்க்காமல் இம்முடிவுகளை எடுக்க இயலாது.

காஞ்சிபுரம் நகரம் வேலூருக்கும் சென்னைக்கும் இடையில், இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. மாநிலத்தின் இரு முக்கிய மறுவாழ்வு மையங்களும் அவ்வூர்களில்தாம் உள்ளன. ஒரே ஒருமுறை செய்துகொள்ளும் அறுவைக்கு 70 கி.மீ. பெரிய தொலைவன்று. நடக்க இயலாத ஒருவரை, வேலைக்குப் போகவேண்டிய இன்னொருவர் துணையோடு வாரம் மூன்றுமுறை அழைத்துச் செல்வதற்கு அது எட்டாத தொலைவு. பக்கவாதத்துக்குப் பின் மூளை மிகுதியாக மீளும் முதல் சில மாதங்கள் இப்படியே கழிந்துவிடுகின்றன. அதே மாவட்டத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் உள்ளன. ஆதலால் தொழிற்சாலைக் காயங்களும் சாலை விபத்துக் காயங்களும் நெசவாளர் தேவையோடு சேர்கின்றன.

அரசுத் திட்டங்கள்

தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தேவையான கூறுகள் பல ஏற்கெனவே உள்ளன. மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்கான செலவை ஏற்கிறது. இது பல உயிர்களைக் காக்கும் திட்டம். உயிர் பிழைத்தோரில் தண்டுவடமோ மூளையோ காயமுற்றவர்களுக்கு அந்த 48 மணிநேரத்துக்குப் பின் பல மாத மறுவாழ்வு தேவைப்படும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. உலக வங்கியின் 16.2 கோடி டாலர் கடனுதவிக்கு 2022இல் ஒப்புதல் பெற்ற 'உரிமைகள்' திட்டம், 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களை ஏற்படுத்தி வருகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், அமர்ந்தவரை எழுந்து நிற்கச் செய்யும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019இல் வெளியிட்டது. 'கதம்' என்ற செயற்கை முழங்காலை 2022இல் வெளியிட்டது.

இவற்றை ஒருவருக்காக ஒன்றுசேர்ப்பவர் யார் என்பதே விடுபட்டுள்ள கேள்வி. வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளர் தசை இறுக்கத்துக்கு ஊசி போட இயலாது. நாற்காலி தரும் அலுவலகம் படுக்கைப்புண்ணைக் கவனிக்காது. நரம்பியல் மருத்துவருக்குத் தறியின் உயரம் தெரியாது. மறுவாழ்வு மருத்துவரின் இடம் இந்த இடைவெளியில்தான் உள்ளது.

எதிர்காலம்

தேவை வளரும் என்பதில் ஐயமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகளும் இருந்தனர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரி 8.6 மட்டுமே. முதுமையோடு பக்கவாதம், மூட்டுத் தேய்வு, நீரிழிவால் கால் இழப்பு ஆகியவையும் கூடும். உலகில் மூவரில் ஒருவருக்கு, அதாவது சுமார் 241 கோடிப் பேருக்கு, மறுவாழ்வுச் சேவையால் பயன்பெறத்தக்க உடல்நிலை உள்ளதாக 2020இல் வெளியான உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'மறுவாழ்வு 2030' என்ற முயற்சியைத் தொடங்கியது. 2023 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, மறுவாழ்வைப் பொதுச் சுகாதார அமைப்பின் பகுதியாக்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

துறைக்குள் இரு போக்குகள் தென்படுகின்றன. ஒன்று, வலிநீக்க ஊசிகள், விளையாட்டுக் காயங்கள், அல்ட்ராசவுண்ட் வழிச் சிகிச்சை ஆகியவற்றை நோக்கிய நகர்வு. தனியார் மருத்துவமனைகளில் இது மதிப்பையும் வருமானத்தையும் தருகிறது. இளம் மருத்துவர்களைத் துறைக்கு ஈர்க்கவும் செய்கிறது. மற்றொன்று, நீண்டகால ஊனமுற்றோருக்கான குழுப்பணி. இதற்கு வருமானம் குறைவு, காலம் மிகுதி. முதல் போக்கு மட்டும் வளர்ந்தால் துறை செழிக்கலாம். தண்டுவடம் காயமுற்றவர் முன்பு இருந்த இடத்திலேயே இருப்பார்.

இரண்டாம் போக்கு வளர மூன்று மாற்றங்கள் தேவை. மருத்துவக் கல்லூரிகளில் இத்துறை இருக்கவேண்டும். அப்போதுதான் பிற துறை மாணவர்களும் நோயாளியை எப்போது அனுப்பவேண்டும் என்பதை அறிவர். மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவில் மறுவாழ்வு மருத்துவரும் சில படுக்கைகளும் குழுவும் வேண்டும். வீடு தேடிச் செல்லும் பணியாளர்கள் சிக்கலான நோயாளிகளை அங்கு அனுப்பலாம். மருத்துவமனைகள் தம் வெற்றியைக் கணக்கிடும்போது, எத்தனை பேர் பிழைத்தனர் என்பதோடு ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலைக்கோ பள்ளிக்கோ திரும்பினர் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். இக்கணக்கு வெளிவந்தால் துறையின் பயன் பிறர் கண்ணுக்குத் தெரியவரும்; காப்பீட்டு முறைகளில் இடம் கேட்பதற்கான சான்றாகவும் அது அமையும்.